மூன்று ‘போல’

வணக்கம். சிறுகதை எழுதிப் பழகுகிறேன். நடை வறண்டிருக்கிறது என்று நண்பர்கள் சொன்னதால் உவமைகளைச் சேர்த்தேன். இப்போது திகட்டுகிறது என்கிறார்கள். கதையில் தையல் வேலை செய்யும் பெண்ணுக்குத் தொலைபேசியில் மரணச் செய்தி வருகிறது. நான் எழுதியது: ‘கண்ணீர் அருவி போலக் கொட்டியது. இதயம் கண்ணாடி போல நொறுங்கியது. இருள் பேய் போல அறையைச் சூழ்ந்தது.’ எங்கே பிழை? ஒரு பக்கத்துக்கு எத்தனை உவமை இருக்கலாம்?

அன்புள்ள நண்பருக்கு,

மூன்று வரிகளில் வாசகரை மூன்று முறை அறையைவிட்டு வெளியே அனுப்பியிருக்கிறீர்கள்: அருவிக்கு, உடைந்த கண்ணாடிக்கு, பேயிடம். துக்கம் அறைக்குள் இருக்கிறது, வாசகர் அங்கே இல்லை.

அருவி என்றதும் இரைச்சல் கேட்கிறது. உங்கள் காட்சியோ நிசப்தமானது. உவமை தன் அளவையும் ஒலியையும் சேர்த்தே இழுத்துவரும். வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று வாசகரிடம் சொல்ல முடியாது. கண்ணாடி, புழங்கித் தேய்ந்த உவமை. கண் அதைக் கடந்துவிடும், எதுவும் உடையாது.

உவமை பிறக்கும் இடங்களாகத் தொல்காப்பியம் வினை, பயன், மெய், உரு என்ற நான்கைச் சொல்கிறது. புலி போலப் பாய்ந்தான் என்பது வினை. மழை போன்ற கொடை, பயன். துடி (உடுக்கை) போன்ற இடை, மெய் (வடிவம்). பொன் போன்ற மேனி, உரு (நிறம்). எழுதப் பழகுபவர்கள் பெரும்பாலும் வடிவத்திலும் நிறத்திலும் தங்கிவிடுகிறார்கள். அங்கே காட்சி அசையாமல் நின்றுவிடும். வினையுவமை கதையை நகர்த்தும். எனவே ‘இது எப்படி இருக்கிறது’ என்பதற்கு முன் ‘இது என்ன செய்கிறது’ என்று கேளுங்கள்.

முதல் வரைவில் உவமையே வேண்டாம். வினைச்சொற்களைச் செப்பனிடுங்கள். ‘மெல்லிய குரலில் பேசினாள்’ என்பதற்கு உவமை தேட வேண்டியதில்லை, ‘முணுமுணுத்தாள்’ போதும். தமிழின் இரட்டைக்கிளவிகள் பாதி உவமைகளின் வேலையைச் செய்துவிடும். அப்படியும் புலப்படாத இடத்துக்கு மட்டும் ஏழெட்டு ஒப்புமைகள் எழுதி, முதல் மூன்றை அடித்துவிடுங்கள். அவை எல்லோருக்கும் தோன்றுபவை. மிச்சத்தில் பாத்திரத்தின் கைக்குப் பழகிய பொருள் எதுவோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

உருவகத்தில் இன்னொரு கண்ணி உண்டு. ‘மலர்முகம்’ உவமை, அங்கே தலைமை முகத்துக்கு. ‘முகமலர்’ உருவகம், தலைமை மலருக்குப் போய்விடுகிறது. ஆகவே வினையும் மலருக்கு ஒத்துவர வேண்டும். ‘முகமலர் வாடியது’ சரி. ‘முகமலர் முறைத்தது’ என்றால் மலர் முறைக்கிறது. புதியவர்களின் கலங்கிய உருவகங்களில் பெரும்பாலானவை இங்கேதான் உடைகின்றன.

உங்கள் பத்திக்கு வருவோம். இப்படி எழுதிப் பாருங்கள்: ‘போனை வைத்துவிட்டுத் தையலைத் தொடர்ந்தாள். மேல்நூல் அறுந்திருந்தது அரையடி ஓடிய பிறகுதான் தெரிந்தது. துணியில் வெறும் துளைகள் வரிசையாக இருந்தன.’ ஒரு ‘போல’கூட இல்லை. ஆனால் அந்தத் துளைகள் துணியைப் பற்றியவை மட்டுமல்ல என்று வாசகருக்குத் தெரியும். ஒப்பிடப்படும் பொருளைச் சொல்லாமல், காட்சியிலேயே புதைத்து வைப்பதைத்தான் சங்கப் பாடல்களில் உள்ளுறை உவமம் என்கிறோம். எனக்கு மிகப் பிடித்த உத்தி இது. தையல் மேசையிலேயே கிடக்கும்போது அருவிவரை போவானேன்?

எண்ணிக்கைக்கு விதி கிடையாது. அச்செடுத்து போல, போன்ற, ஒத்த, மாதிரி எல்லாவற்றையும் அடிக்கோடிடுங்கள். ஒரே பத்தியில் இரண்டு கோடுகள் விழுந்தால் பலவீனமானதை எடுத்துவிடுங்கள், மற்றது தானாகப் பிரகாசமாகும். உரையாடலில் மட்டும் கை வைக்க வேண்டாம். ‘இடி விழுந்த மாதிரி இருந்துச்சு’ என்று பக்கத்து வீட்டுக்காரி சொல்லட்டும். மனிதர்கள் அப்படித்தான் பேசுகிறார்கள்.

அன்புடன்.