முன்னாள் மாணவர்கள் வெளிநாட்டிலிருந்து அனுப்பும் உதவித்தொகை: எந்தக் கணக்கில் வாங்கலாம்?

கேள்வி: தமிழ்நாட்டில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் படித்த நாங்கள், அமெரிக்காவில் ஒரு சங்கத்தைப் பதிவு செய்து, அப்பள்ளியில் படித்து முடிக்கும் ஏழை மாணவர்களின் கல்லூரிக் கட்டணத்துக்காக ஆண்டுதோறும் 12 லட்சம் ரூபாய் தர முடிவு செய்திருக்கிறோம். ஊரில் உள்ள முன்னாள் மாணவர் சங்கமும் முறையாகப் பதிவு பெற்றதுதான். அதன் வங்கிக் கணக்குக்கே பணத்தை அனுப்பிவிடலாமா? எங்களில் பாதிப் பேர் இன்னும் இந்தியக் குடிமக்கள். எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு பெற்ற ஓர் அறக்கட்டளை, 8 சதவீதம் எடுத்துக்கொண்டு மீதியை ஊர்ச் சங்கத்துக்கு மாற்றித் தருவதாகச் சொல்கிறது. ஏற்கலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். ஊர்ச் சங்கம் 1975ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவு பெற்றிருப்பது அது ஒரு சங்கம் என்பதற்கு மட்டுமே சான்று. வெளிநாட்டு நன்கொடை வாங்க, 2010ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் மத்திய உள்துறை அமைச்சகத்தின் பதிவோ முன் அனுமதியோ தனியாக வேண்டும். அமெரிக்காவில் உங்கள் சங்கத்துக்கு வரிவிலக்கு இருக்கிறதே என்று பலர் கேட்கிறார்கள். அது அங்கே கொடுப்பவருக்கான சலுகை, இங்கே வாங்குபவருக்கு அதனால் எந்த உரிமையும் வராது. வெளிநாட்டில் அமைக்கப்பட்ட சங்கம், அதன் உறுப்பினர்கள் அத்தனை பேரும் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்தாலும், சட்டத்தின் பார்வையில் வெளிநாட்டு ஆதாரமே.

அந்த அறக்கட்டளையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் இப்படிப்பட்ட தரகு பேசும் ஆட்களால் நல்லெண்ணம் கொண்ட சங்கங்கள் சிக்கலில் மாட்டுவதை நான் அடிக்கடி பார்க்கிறேன். 2020 செப்டம்பரில் வந்த திருத்தத்துக்குப் பிறகு, பதிவு பெற்ற அமைப்பு தான் வாங்கிய வெளிநாட்டு நன்கொடையை வேறு எவருக்கும் மாற்றிக் கொடுக்கக் கூடாது; எனவே 8 சதவீதம் அதிகமா குறைவா என்று பேரம் பேசுவதற்கே இடமில்லை. ‘மச்சான் கணக்குக்கு அனுப்பி, அவர் உள்ளூர் நன்கொடையாகக் கொடுக்கட்டும்’ என்ற யோசனையும் எடுபடாது, ஏனெனில் வெளிநாட்டு ஆதாரத்திலிருந்து வந்த பணம் எத்தனை கை மாறினாலும், ரூபாயாகவே வந்து சேர்ந்தாலும், வெளிநாட்டு நன்கொடைதான் என்று சட்டத்தின் விளக்கவுரையே சொல்லிவிடுகிறது. மீறினால் ஐந்து ஆண்டு வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம்; மாட்டிக்கொள்பவர் ஊரில் கையெழுத்துப் போட்ட செயலாளர்தான், அமெரிக்காவில் இருக்கும் நீங்கள் அல்ல. ‘அமைச்சகத்தில் ஆள் இருக்கிறது, பதிவை வாங்கித் தருகிறேன்’ என்று வருபவரையும் வாசலோடு அனுப்பிவிடுங்கள். 2022 மே மாதம் மத்தியப் புலனாய்வுத் துறை, இந்தப் பதிவுகளுக்காக லஞ்சம் கைமாறிய வழக்கில் அதிகாரிகளோடு இடைத்தரகர்களையும் கைது செய்தது நினைவிருக்கட்டும்.

உங்களுக்கு உடனடியாக உதவக்கூடிய விலக்கு ஒன்று உண்டு. வெளிநாட்டில் வாழும் இந்தியக் குடிமகன் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பும் பணம் வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அதை ஊர்ச் சங்கம் தன் சாதாரணக் கணக்கிலேயே வாங்கலாம். இதில் ‘குடிமகன்’, ‘சொந்தச் சேமிப்பு’ என்ற இரண்டு சொற்களையும் எழுத்து பிசகாமல் படிக்க வேண்டும். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரப்படும் ஓ.சி.ஐ. அட்டை வைத்திருப்பவர் இந்தியக் குடிமகன் அல்லர். பத்து நண்பர்களிடம் வசூலித்து ஒருவர் தன் கணக்கிலிருந்து அனுப்பினால், அவர் இந்தியக் குடிமகனாகவே இருந்தாலும், அது அவருடைய சேமிப்பு அல்ல. கணவர் அமெரிக்கக் குடிமகன், மனைவி இந்தியக் குடிமகள் என்றால் கூட்டுக் கணக்கைத் தொடாமல் மனைவியின் தனிக் கணக்கிலிருந்து அனுப்புவதே நல்லது. எல்லாவற்றையும்விட, மாதந்தோறும் தானாகப் பணம் போகும்படி வங்கியில் ஏற்பாடு செய்துவிட்டு, நடுவில் அமெரிக்கக் குடியுரிமை பெற்ற பிறகும் அதை நிறுத்த மறந்துவிடுபவர்கள்தான் எனக்குத் தலைவலி. முந்தைய தவணை வரை சரியாக இருந்த பணம் அடுத்த தவணையிலிருந்து வெளிநாட்டு நன்கொடை ஆகிவிடுகிறது. ஆகவே ஒவ்வொருவரிடமும் ஆண்டுதோறும் கடவுச்சீட்டின் நகலையும், ‘நான் இந்தியக் குடிமகன், இது என் சேமிப்பு’ என்ற கடிதத்தையும் ஊர்ச் சங்கம் வாங்கிக் கோப்பில் வைக்க வேண்டும்.

குடியுரிமை மாறிய மற்றப் பாதிப் பேருக்கு ஒரு வழி, கல்வி உதவித் திட்டத்தைத் தானே நடத்தும் பதிவு பெற்ற அறக்கட்டளைக்குக் கொடுப்பது. தகுதியுள்ள மாணவர்களை உங்கள் சங்கம் அடையாளம் காட்டலாம். தேர்வும், பணம் வழங்குவதும், கணக்கும் அறக்கட்டளையுடையதாகவே இருக்க வேண்டும். இன்னொரு வழி, குறிப்பிட்ட கொடையாளர், குறிப்பிட்ட தொகை, குறிப்பிட்ட நோக்கம் என்று காட்டி ஊர்ச் சங்கம் முன் அனுமதி கேட்பது. இதற்கு உங்கள் சங்கத்தின் உறுதிக் கடிதம் வேண்டும். ஊர்ச் சங்கத்தின் முதன்மை நிர்வாகி உங்கள் சங்கத்தில் அங்கம் வகிக்கக் கூடாது; நிர்வாகக் குழுவிலும் 75 சதவீதம் பேராவது உங்கள் சங்கத்தோடு தொடர்பில்லாதவர்களாக இருக்க வேண்டும். இரு பக்கமும் ஒரே ஆட்கள் பொறுப்பு வகிக்கும் முன்னாள் மாணவர் சங்கங்கள் விழுவது இங்கேதான்.

முன் அனுமதிக்குப் பதில் முழுப் பதிவே வேண்டுமென்றால், ஊர்ச் சங்கம் மூன்று ஆண்டு செயல்பட்டு, அந்தக் காலத்தில் 15 லட்சம் ரூபாயாவது தன் நோக்கத்துக்குச் செலவிட்டிருக்க வேண்டும். விண்ணப்பத்தை ‘சாதாரணமாக’ 90 நாளுக்குள் முடிக்க வேண்டும் என்கிறது சட்டம். அந்த ஒரு சொல்லின் நிழலில்தான் எத்தனையோ கோப்புகள் உறங்குகின்றன. நாட்டின் எந்த மூலையில் இருந்தாலும் பணம் முதலில் புது டெல்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கில்தான் வந்து இறங்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கல்லூரி கேட்கும் முதல் பருவக் கட்டணத்துக்கு இந்த நடைமுறை காத்திருக்க வைக்கிறதே தவிர, கல்லூரி காத்திருப்பதில்லை.

ஆகவே இந்த ஆண்டு மாணவர்களுக்கு இந்தியக் குடிமக்களாக உள்ளவர்கள் மட்டும் அவரவர் கணக்கிலிருந்து தனித்தனியே அனுப்பட்டும். முன் அனுமதி விண்ணப்பத்தை அடுத்த கல்வியாண்டைக் கணக்கில் வைத்து இப்போதே தொடங்குங்கள்; அனுமதி கைக்கு வரும்வரை உங்கள் சங்கத்தின் பெயரில் ஒரு ரூபாய்கூட ஊர்ச் சங்கத்தின் கணக்குக்கு வரக் கூடாது.