சுங்கை சிப்புட்டுக்கு வரும் தம்பிக்கு, சாப்பாடு பற்றி மட்டும்

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். அடுத்த மாதம் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டுக்கு வேலைக்கு வருகிறீர்கள். சம்பளம் 1,700 வெள்ளி. (ரிங்கிட்டை இங்கே வெள்ளி என்றுதான் சொல்வோம், பழகிக்கொள்ளுங்கள்.) அதில் பாதியாவது ஊருக்கு அனுப்ப வேண்டும். மலிவாக எங்கே சாப்பிடலாம், அறை வாடகை எவ்வளவு, எந்த சிம் கார்டு வாங்கலாம், குக்கர் கொண்டுவரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பினாங்குத் தீவில் சாப்பாடு மலிவு என்று நண்பர் வேறு சொல்லியிருக்கிறாராம்.

வாடகையும் சிம் கார்டும் நீங்கள் வந்து இறங்கிய மறுநாளே யாராவது சொல்லிவிடுவார்கள். சாப்பாட்டை யாரும் ஒழுங்காகச் சொல்ல மாட்டார்கள். எனக்கும் யாரும் சொல்லவில்லை.

நான் அறந்தாங்கிப் பக்கம். 1997 மே மாதம் முடிதிருத்தும் கடை வேலைக்கு வந்தேன். சாப்பாடும் தங்குமிடமும் இலவசம் என்று ஏஜெண்ட் சத்தியம் செய்யாத குறை. முதல் சம்பளத்தில் சாப்பாட்டுக்கு என்று 180 வெள்ளி பிடித்துவிட்டார்கள். அந்தச் சாப்பாடு என்ன தெரியுமா? மத்தியானம் பருப்பு, இரவில் அதே பருப்பில் இன்னும் ஒரு சொம்பு தண்ணீர். கோபத்தில் எனக்குச் சாப்பாடே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மேகி மீயும் ரொட்டியுமாக ஓட்டினேன். அந்த வருடம்தான் வெள்ளி சரிந்தது. நான் வந்தபோது ஒரு வெள்ளிக்குக் கிட்டத்தட்ட 14 ரூபாய், அடுத்த ஜனவரியில் 9 ரூபாய்ச் சுற்றுக்கு வந்துவிட்டது. ஊருக்கு அனுப்பும் பணம் குறையக் குறைய நான் சாப்பாட்டைக் குறைத்தேன். செப்டம்பரில் சுமத்ராவில் காடு எரிந்து புகைமூட்டம் வேறு. வாயெல்லாம் புண், ஓயாத இருமல். ஒருநாள் வாடிக்கையாளருக்குச் சவரம் செய்துகொண்டிருக்கும்போதே தலை சுற்றிவிட்டது. கையில் கத்தி. அவர் நல்ல மனிதர், எழுந்து என்னை அந்த நாற்காலியில் உட்கார வைத்தார்.

இன்னொன்றும் சொல்கிறேன். வந்த புதிதில் கடைக்கு வருகிறவர்கள் எல்லாம், “பசியாறிட்டீங்களா?” என்று கேட்பார்கள். நான் “இல்லைங்க” என்று சொல்லிவிட்டு ஆவலோடு பார்ப்பேன். அவர்கள் “ஓ” என்று சொல்லிவிட்டு நாளிதழைப் புரட்டுவார்கள். அது இங்கே வணக்கம் மாதிரி என்று தெரிய ஒரு மாதம் ஆனது. நீங்கள் “ஆச்சுங்க” என்று சொல்லிவிட்டு வேலையைப் பாருங்கள்.

சரி, விஷயம். ஊர்ச் சாப்பாடு தேடாதீர்கள். என்னோடு வந்தவர்களில் மூன்று பேர் இன்னமும் இங்கே இருக்கிறார்கள். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது, இன்றைக்கும் பொன்னி அரிசிதான், ஊரிலிருந்து வந்த ஊறுகாய்தான், “இங்க என்னய்யா சோறு” என்ற புலம்பல்தான். மலாயில் பத்து வார்த்தை தேறாது. இறக்குமதிப் பொன்னிக்குக் கொடுக்கும் காசில் உள்ளூர் அரிசி ஏறக்குறைய இரண்டு பங்கு வாங்கலாம். உள்ளூர் வெள்ளை அரிசிக்குக் கட்டுப்பாட்டு விலை, 10 கிலோ 26 வெள்ளி. ‘பெராஸ் தெம்பாத்தான்’ என்று கேளுங்கள். 2023 செப்டம்பரில் இறக்குமதி அரிசி விலை ஏறியதும் இந்த அரிசி கடைகளில் கண்ணிலேயே படவில்லை. கிடைக்கும் நாளில் ஒரு பை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சோறு கொஞ்சம் ஒட்டும், அதனால் ஒன்றும் குடி முழுகிவிடாது. பாக்கெட்டில் வரும் 2.50 வெள்ளிச் சமையல் எண்ணெய் மானிய விலை, குடிமக்களுக்கானது. கல்லாவில் நின்று சண்டை போடாதீர்கள்.

காலைக்கு நாசி லெமாக். தேங்காய்ப்பாலில் வெந்த சோறு, நெத்திலிச் சம்பல், வறுத்த கடலை, இரண்டு வில்லை வெள்ளரிக்காய், முட்டையில் ஒரு துண்டு, எல்லாம் வாழையிலை வைத்துத் தாளில் மடித்த பொட்டலம். சாலையோரம் மடக்கு மேசை போட்டு விற்கும் மலாய் அம்மாவிடம் வாங்குங்கள், ஏர்கான் போட்ட கடையில் அல்ல. எங்கள் பக்கம் சின்னப் பொட்டலம் 2 வெள்ளி. இரண்டு சாப்பிட்டால் மத்தியானம் ஒரு மணி வரை தாங்கும். ஆனால் ஒன்பது மணிக்கு எழுந்து போனால் மேசையே இருக்காது. தோட்டப்புறத்து ஊர் இது, பால்மரம் வெட்டிய காலத்து வழக்கம் இன்னும் போகவில்லை, மக்கள் விடியுமுன் சாப்பிடுகிறார்கள். இப்போது ரப்பர் போய்ச் செம்பனை (பாமாயில் எடுக்கும் பனை) வந்துவிட்டது. தோட்டத்தில் வேலை செய்கிறவர்களில் இந்தோனேசியரும் வங்காளதேசிகளும்தான் அதிகம். நேரம் மட்டும் மாறவில்லை.

மத்தியானத்துக்கு நாசி சம்பூர். இதில்தான் புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் மாட்டுகிறார்கள். வரிசையாக இருபது தட்டில் கறி இருக்கும், நாமே அள்ளிக்கொள்ள வேண்டும், விலைப் பலகை இருக்காது. கல்லாவில் இருப்பவர் தட்டை ஒரு பார்வை பார்த்து விலை சொல்வார். நான் முதன்முதலில் போனபோது ஊரில் கிடைக்கிற கணவாய்தானே என்று இரண்டு கரண்டி போட்டுக்கொண்டேன். 9 வெள்ளி என்றார். 1997-இல் 9 வெள்ளி! தட்டைத் திருப்பிக் கொடுக்கலாமா என்றுகூட யோசித்தேன். அதனால் “இனி பெராப்பா?”, இது எவ்வளவு என்று கேட்காமல் கரண்டியைத் தொடாதீர்கள். கேட்பதில் கௌரவக் குறைச்சல் இல்லை, மலாய்க்காரர்களே கேட்கிறார்கள். கணவாய், இறால், ஆட்டுக்கறி இந்த மூன்றும் பையைக் காலி செய்யும். முட்டை, கீரை, ‘இக்கான் கெம்போங்’ எல்லாம் அடங்கிய விலை. கெம்போங் வேறு ஒன்றுமில்லை, நம் கானாங்கெளுத்தியேதான். மீன்குழம்போ கோழிக்குழம்போ, ‘குவா’, அதாவது துண்டு இல்லாத வெறும் குழம்பு மட்டும் ஊற்றிக்கொண்டால் பெரும்பாலும் காசு கேட்க மாட்டார்கள். சோறு, முட்டை, ஒரு காய், மேலே குவா என்றால் 6 வெள்ளிக்குள் முடியும். 2023 ஜனவரிக் கடைசியில் அரசாங்கம் ‘மெனு ரஹ்மா’ என்று 5 வெள்ளிச் சாப்பாடு கொண்டுவந்தது. சேர்ந்த கடைகளில் பலகை தொங்கும். சில கடைகளில் பலகை மட்டும்தான் தொங்கும், கேட்டுப் பாருங்கள்.

பினாங்குக் கதையை இங்கேயே முடித்துவிடுகிறேன். தீவில் நாசி கண்டார் நன்றாக இருக்கும், இல்லை என்று சொல்லவில்லை. நம் ஆட்கள்தான் ஒரு காலத்தில் தோளில் காவடித் தடி போட்டுச் சோற்றையும் கறியையும் தூக்கிக்கொண்டு விற்றார்கள், அந்தத் தடிக்குத்தான் கண்டார் என்று பெயர். ரயிலும் பெர்ரியும் ஏறிப் போய் மலிவாகச் சாப்பிடுவதற்கு என்ன அர்த்தம்? கோலாலம்பூரில் கம்ப்யூட்டர் வேலைக்கு வந்த பிள்ளைகள் சிலர் தீவுக்குப் போய், சுற்றுலாக்காரர்கள் நிற்கும் வரிசையில் நின்று, 20 வெள்ளி கொடுத்துவிட்டு, மலேசியாவில் விலைவாசி ஜாஸ்தி என்று என் நாற்காலியில் உட்கார்ந்து பேசுகிறார்கள். வெட்டுகிற முடிக்கு 15 வெள்ளி கொடுக்கத்தான் அவர்களுக்கு வலிக்கும்.

அப்புறம் சர்க்கரை. இதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். மாமாக் கடை (தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் சாப்பாட்டுக் கடை) விடிய விடியத் திறந்திருக்கும், தே தாரிக் (டின் பால் ஊற்றி இழுத்து ஆற்றும் டீ) மலிவு, வேலை முடிந்து தனியாக அறைக்குப் போக மனம் வராது. உட்கார்ந்து குடிப்போம். டின் பாலிலேயே சர்க்கரை இருக்கிறது. நான் ஒரு நாளைக்கு ஐந்து கிளாஸ் குடித்தவன். இப்போது இரண்டு வேளை மாத்திரை. இங்கே பெரியவர்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவருக்குச் சர்க்கரை நோய், 2023 சுகாதாரக் கணக்கெடுப்பில் 15.6 விழுக்காடு. “குராங் மானிஸ்” என்றால் இனிப்புக் குறைவு, “தே ஓ கோசோங்” என்றால் பாலும் சர்க்கரையும் இல்லாத வெறும் தேநீர். முதல் நாளிலிருந்தே சொல்லப் பழகுங்கள். ரொட்டி சானாயும் மலிவுதான், நம் பரோட்டாவின் தம்பி. தினமும் தின்றால் வயிறு மட்டும் வளரும்.

சைவம் என்றால் இன்னொரு எச்சரிக்கை. காங்கோங் கீரை வெறும் கீரை மாதிரித்தான் இருக்கும், அதில் பெலாச்சான் போட்டிருப்பார்கள். இறாலை அரைத்துப் புளிக்க வைத்தது. என் கடைக்கு வரும் ஒரு குருக்கள் ஆறு மாதம் ருசித்துச் சாப்பிட்ட பிறகுதான் என்னிடம் கேட்டார். நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டாம்.

மயங்கி உட்கார்ந்தேன் என்றேனே, அதற்குப் பிறகுதான் பாட்டியைத் தெரியும். கடைக்குப் பின்னால் ஒரு மலிவு வீட்டில் இருந்தார். நாற்பது வருடம் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். சங்கதி கேள்விப்பட்டு ஒரு மூடிபோட்ட தூக்கில் சோறு கொண்டுவந்தார். மேலே பச்சையாக ஏதோ தேங்காய்ப்பாலில் மிதந்தது. மரவள்ளி இலை. ஊரில் ஆட்டுக்குக்கூட யோசித்துத்தான் போடுவோம், நான் தயங்கினேன். “நல்லா வேக வெச்சு தண்ணிய கொட்டிட்டேன், சாவ மாட்டே, தின்னு” என்றார். அவர் சொன்னது சரிதான், அதில் விஷச்சத்து உண்டு, கொதிக்க வைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டாமல் சாப்பிடக் கூடாது. அவரோடு போய்த்தான் ஓடையோரத்தில் பாக்கு என்கிற பெரணிக் கொழுந்து பறிக்கவும், எந்த வேலியில் முருங்கை இருக்கிறது, யாரைக் கேட்டுப் பறிக்கலாம் என்றும் கற்றுக்கொண்டேன்.

மரவள்ளி இலை சமைப்பாரே தவிர, கிழங்கைக் கையால் தொட மாட்டார். ஜப்பான்காரன் காலத்தில் மூன்றரை வருடம் அந்தக் கிழங்குதான் சாப்பாடாம். அவருடைய அப்பா ஜப்பான்காரனுக்காகச் சயாம் (தாய்லாந்து) ரயில் பாதை போடப் போனவர், திரும்பவில்லை. அது முடிந்து கொஞ்சம் மூச்சு விடுவதற்குள் 1948-இல் இந்தச் சுங்கை சிப்புட் பக்கம் வெள்ளைக்காரத் தோட்டத் துரைகளைக் கம்யூனிஸ்டுகள் சுட்டுக் கொன்றார்கள், அவசரகாலம் வந்தது. காட்டில் இருந்த அந்தக் கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போய்விடக்கூடாது என்று அளந்து கொடுத்தார்கள். சில இடங்களில் அரிசியாகவே தராமல், ஒரே இடத்தில் சோறாக்கித்தான் கொடுத்தார்களாம், சோறு என்றால் சீக்கிரம் ஊசிப்போகும், கடத்த முடியாது. இதையெல்லாம் கீரை ஆய்ந்துகொண்டே சொல்வார். என் 180 வெள்ளிக் கதையை அதற்குப் பிறகு அவரிடம் நான் சொல்லவே இல்லை.

பாட்டி போய்ப் பதினொரு வருடம் ஆகிறது. அவருடைய கீரைப் பாத்திக்குப் பக்கத்தில் இப்போது தொழிற்சாலையில் வேலை செய்யும் வங்காளதேசிப் பையன்கள் குடியிருக்கிறார்கள். வந்த மூன்றாவது மாதமே சுரைக்காய்ப் பந்தல் போட்டுவிட்டார்கள். நம் ஆட்களுக்கு இது தோன்றுவதில்லை, இரண்டு வருடத்தில் ஊருக்குப் போய்விடுவேன் என்று சொல்லியே இருபது வருடம் ஓட்டுவோம். நானும் அப்படிச் சொன்னவன்தான். இப்போது சிவப்பு ஐசி (நிரந்தரவாசி அடையாள அட்டை), இங்கேயே பிறந்த மனைவி, டுரியானைப் புளிக்க வைத்த தெம்போயாக் போட்டுக் குழம்பு வைத்தால் இரண்டாவது தட்டு கேட்கிற நாக்கு. ஊரிலிருந்து தம்பி வந்தபோது அந்த வாடைக்கு வாசலிலேயே நின்றுவிட்டான்.

வாரம் ஒரு நாள் பசார் மாலாம் என்கிற இரவுச் சந்தை கூடும். முதலிலேயே போகாதீர்கள். கடை கட்டும் நேரத்தில் போனால் கீரையைக் கூறு கட்டித் தள்ளிவிடுவார்கள். நோன்பு மாதத்தில் பகலில் முஸ்லிம் கடைகள் இருக்காது, சாயங்காலச் சந்தை பிரமாதமாக இருக்கும், கூட்டத்தில் பர்ஸைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

குக்கர் கொண்டுவர வேண்டாம், இங்கே கிடைக்கும். பெர்மிட் விவரம் முதலாளியைக் கேளுங்கள், ஆனால் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்கிறேன் என்றால் கொடுக்காதீர்கள், அப்படி வைத்திருப்பது இங்கே குற்றம். வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வாருங்கள், நாசி லெமாக் அம்மாவிடம் கூட்டிப்போகிறேன். ஆறரைக்குள் வந்துவிடுங்கள், ஏழு மணிக்கு மேல் முட்டை இருக்காது.