சமக்குறி இல்லாத கல்குலேற்றரும் 15 வீத லீசிங்கும்

கேள்வி:

ஐயா, வணக்கம். புதுக்குடியிருப்புப் பக்கம் மூன்று ஏக்கர் வயலும் கொஞ்சம் மேட்டுக் காணியும் செய்கிறேன். என் பெரிய மாமா குவைத்தில் ஒரு கம்பனியில் கணக்காளராக இருந்தவர். 1990இல் அங்கே ஈராக் படை புகுந்ததும் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊருக்கு வந்தவர். போன வருடம் காலமாகிவிட்டார். மாமி அவருடைய பெட்டியைத் துப்புரவாக்கும்போது எச்.பி. 12சி என்று எழுதிய கல்குலேற்றர் ஒன்று இருந்தது. "நீதானே கணக்குப் பார்க்கிறவன், வைச்சிரு" என்று என்னிடம் தந்துவிட்டார். பற்றரி போட்டால் வேலை செய்கிறது. ஆனால் அதில் சமக்குறியே இல்லை. இரண்டும் மூன்றும் கூட்டக்கூட என்னால் முடியவில்லை. "பழுதுச் சாமான், போனிலேயே எல்லாம் இருக்கு" என்கிறான் மகன். கொழும்பில் ஒருவர் படத்தைப் பார்த்துவிட்டு விலைக்குக் கேட்கிறார். இதற்கிடையில் ஒரு லான்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) எடுக்க லீசிங் கம்பனியில் கதைத்திருக்கிறேன். ஆறு இலட்சம் கடன், 15 வீத வட்டி, 24 மாதம், மாதம் 32,500 ரூபா. டொக்கியுமென்ற் செலவு 20,000 ரூபா தனியாகக் கட்ட வேண்டுமாம். கல்குலேற்றரை விற்று அந்தச் செலவுக்குப் போடலாமா?

பதில்:

தம்பி, விற்க வேண்டாம். அது பழுதும் இல்லை. பழுது இருப்பது உங்கள் 15 வீதத்தில்தான். அதைக் காட்டித் தரக்கூடிய சாமானைத்தான் மாமி உங்கள் கையில் தந்திருக்கிறார்.

முதலில் சமக்குறி. 2ஐ அழுத்துங்கள், என்ரர் என்ற நீளமான விசையை அழுத்துங்கள், பிறகு 3, பிறகு கூட்டல் குறி. 5 வரும். அவ்வளவுதான். எண்கள் முதலில், செய்ய வேண்டிய வேலை கடைசியில். 1924இல் போலந்து தர்க்கவியலாளர் யான் வுகாசியேவிச் கணக்குக் குறியை எண்களுக்கு முன்னால் வைத்து எழுதும் முறையைக் கொண்டுவந்தார். அதைத் திருப்பிப் போட்டது இது என்பதால் தலைகீழ்ப் போலிஷ் முறை என்று பெயர். ஆங்கிலக்காரருக்குத்தான் இது தலைகீழ். "இரண்டையும் மூன்றையும் கூட்டு" என்று வினையைக் கடைசியில் வைத்துப் பேசுகிற எங்களுக்கு இது நேர்தான். நான் வங்கியில் கடன் பிரிவில் சேர்ந்த புதிதில் இதைப் பழக இரண்டு நாள் எடுத்தது. அதற்குப் பிறகு சமக்குறி உள்ள கல்குலேற்றரைத் தொட்டால் கை தடுமாறும்.

இனி லீசிங். மேல் வரிசையின் இடப்பக்கத்தில் ஐந்து விசைகள் இருக்கும்: என், ஐ, பி.வி., பி.எம்.ரி., எஃப்.வி. என் என்பது எத்தனை தவணை. ஐ என்பது ஒரு தவணைக்கு எத்தனை வீத வட்டி. பி.வி. இன்று கைக்கு வரும் காசு, பி.எம்.ரி. ஒவ்வொரு தவணையும் கட்டுவது, எஃப்.வி. கடைசியில் ஒரேயடியாகக் கட்டுவதோ கிடைப்பதோ. தெரிந்ததைப் போட்டுவிட்டுத் தெரியாததன் விசையைத் தனியே அழுத்தினால் விடை வரும். 1981இல் சந்தைக்கு வந்த இந்தக் கல்குலேற்றரை அதே முகத்தோடு இன்றும் செய்கிறார்கள் என்றால் இந்த ஐந்து விசைகள்தான் காரணம்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். உங்கள் கைக்கு வருகிற காசு கூட்டல், கையை விட்டுப் போகிற காசு கழித்தல். சி.எச்.எஸ். விசை கழித்தல் குறியைப் போடும். இரண்டையும் கூட்டலாகவே போட்டால் "எரர் 5" என்று காட்டிவிட்டு நிற்கும். காசு வரவே வந்து போகவே போகாத கடன் உலகத்தில் இல்லை என்று அதற்குத் தெரியும்.

மஞ்சள் எஃப் விசையை அழுத்தி, மேலே ஃபின் என்று எழுதியிருக்கும் விசையையும் அழுத்திப் பழைய கணக்கை அழியுங்கள். 24 என். 600000 பி.வி. 32500 சி.எச்.எஸ். பி.எம்.ரி. இனி ஐ. பழைய 12சி இந்த இடத்தில் யோசிக்கும். திரையில் "றன்னிங்" என்று சில விநாடி மின்னும். பிறகு 2.21 என்று வரும். அது மாத வட்டி. அதிலேயே பன்னிரண்டால் பெருக்கினால், திரையில் காட்டாத தசமங்களும் சேர்ந்து, வருடத்துக்கு 26.6 வீதம். வட்டிக்கு வட்டியையும் சேர்த்துப் பார்த்தால் 30 வீதம். 15 என்று சொன்னார்கள், இருப்பது அதன் இரட்டிப்பு.

கம்பனிக்காரர் பொய் சொல்லவில்லை. அவர் சொன்னது ஃபிளாற் ரேற். ஆறு இலட்சத்துக்கு 15 வீதப்படி இரண்டு வருட வட்டி 180,000. அதைக் கடனோடு கூட்டி 24ஆல் பிரித்தால் 32,500. கணக்குச் சரிதான். ஆனால் மாதாமாதம் நீங்கள் முதலையும் திருப்பிக் கொடுத்துக்கொண்டு வருகிறீர்கள். கடைசி மாதத்தில் உங்களிடம் அவர்களுடைய காசு 32,000 ரூபாவுக்குள்தான் இருக்கும். அந்த மாதமும் வட்டி ஆறு இலட்சத்துக்கே எடுக்கப்படுகிறது.

20,000 ரூபா டொக்கியுமென்ற் செலவையும் சேருங்கள். உங்கள் கைக்கு உண்மையில் வருவது 580,000. பி.வி.யில் அதை மட்டும் மாற்றிப் போட்டுத் திரும்ப ஐயை அழுத்துங்கள். மாதம் 2.52, வருடத்துக்கு 30.2. முதல் தவணையைக் கையெழுத்துப் போடும் நாளிலேயே கட்டச் சொல்லுகிறார்களா என்றும் கேளுங்கள். அப்படியென்றால் நீல ஜீ விசையும் 7உம் அழுத்துங்கள். திரையின் கீழே "பிகின்" என்று தோன்றும். இப்போது ஐ 2.77, வருடத்துக்கு 33.2. கணக்கு முடிந்ததும் ஜீயும் 8உம் அழுத்தி அதை எடுத்துவிடுங்கள். ஃபின் அழித்தாலும் இந்தப் பிகின் போகாது. எத்தனையோ பேரின் கணக்கு பிழைத்தது இந்த இடத்தில்தான், என்னுடையது உட்பட.

இன்னொன்றும் போட்டுப் பாருங்கள். ஒரு வங்கி 18 வீதம், குறைந்து செல்லும் மீதிக்கு என்று சொல்கிறது என்று வையுங்கள். 24 என். 18 போட்டு நீல ஜீ, ஐ (ஐயின் கீழே நீலத்தில் 12ஆல் பிரிக்கும் குறி இருக்கும்). 600000 பி.வி. இனி பி.எம்.ரி. விடை கழித்தல் 29,954.46. 18 வீதக்காரனுக்கு மாதம் முப்பதாயிரத்துக்குள், 15 வீதக்காரனுக்கு 32,500. இரண்டு வருடத்தில் வித்தியாசம் 61,000 ரூபா சொச்சம். ஆகவே வீதத்தைக் கேட்டு ஒப்பிடாதீர்கள். கையில் எவ்வளவு வரும், மாதம் எவ்வளவு, எத்தனை மாதம், முதல் தவணை எந்த நாள் என்ற நான்கையும் எழுதி வாங்குங்கள். வீதத்தை உங்கள் கல்குலேற்றர் சொல்லட்டும்.

இதைவிட எனக்குப் பயம் வேறொன்றில். லீசிங் மாதாமாதம் கேட்கும், வயல் மாதாமாதம் தராது. ஐப்பசியில் விதைத்த காலபோகம் மாசி, பங்குனியில்தான் காசாகும். குளத்துத் தண்ணீர் இல்லாத மானாவாரி வயல் என்றால் கோடையில் செய்யும் சிறுபோகமும் இல்லை. இடையில் மார்கழியில் 32,500 எங்கிருந்து வரும்? லான்ட்மாஸ்டரை மற்றவர்களின் வயலுக்கு உழவுக்கு விட்டு வரும் என்பீர்கள். வரும், உழவு நடக்கும் சில கிழமைகளுக்கு. மற்ற மாதங்களுக்கு நெல் வாங்குகிறவரிடம்தான் போவீர்கள். "இப்ப ஒரு இலட்சம் பிடியுங்கோ, அரிவி வெட்டி ஒன்றேகால் தாங்கோ" என்பார். நாலு மாதத்துக்கு 25 வீதம்தானே என்று தோன்றும். 4 என், 100000 பி.வி., 0 பி.எம்.ரி., 125000 சி.எச்.எஸ். எஃப்.வி., பிறகு ஐ. மாதம் 5.74 வீதம். அதே கணக்கில் ஒரு வருடம் போனால் ஒரு இலட்சம் 195,000ஐத் தாண்டும். லீசிங்கின் வட்டியை விட, லீசிங் கட்ட வாங்கும் கடனின் வட்டிதான் எங்கள் பக்கத்துக் குடும்பங்களை விழுத்துகிறது.

அதனால் போகத்துக்கு ஒரு தவணை என்று தருவார்களா என்று முதலில் கேளுங்கள். அரச வங்கியிலும் கூட்டுறவுச் சங்கத்திலும் விசாரியுங்கள். முடியாது என்றால் கடனைக் குறைத்து, கையிருப்பைக் கூட்டிப் பாவித்த லான்ட்மாஸ்டர் ஒன்றைப் பாருங்கள். புதிதுதான் வேண்டுமென்று மனம் நின்றால் ஆறு மாதத் தவணைக் காசு வேறாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இறங்குங்கள்.

இடையில் நல்ல போகம் விளைந்து கடனை முந்தி முடிக்க நினைத்தாலும் கவனம். 12 தவணை கட்டியதும் பாதிக் கடன் தீர்ந்தது என்று நினைப்போம். 12 மாதத்தில் 390,000 கட்டியிருப்பீர்கள், மீதி மூன்று இலட்சம் இல்லை, 339,000 சொச்சம். முந்தி முடித்தால் எவ்வளவு கழிப்பார்கள் என்பதை ஒப்பந்தத்தில் இன்றே வாசியுங்கள். தொடக்கத்திலிருந்தே மாதம் 40,000 கட்டினால் எப்போது தீரும் என்று இதிலேயே பார்க்கலாம், ஆனால் விடை 19 என்று வரும். உண்மையான விடை பதினெட்டே சொச்சம். 12சி இப்படியான தவணை எண்ணிக்கையை மேலே உள்ள முழு எண்ணுக்கு ஏற்றிவிடும். அதைப் பழுது என்று மகன் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மகன் சொல்வதிலும் பாதி சரி. போனில் இதே 12சியைப் போலவே வேலை செய்யும் செயலிகள் இருக்கின்றன, விடையும் ஒன்றுதான். இதற்கென்று காசு கொடுத்துப் புதிதாக ஒன்று வாங்கச் சொல்லி நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். ஆனால் கையில் இருப்பதை ஏன் விற்க வேண்டும்? லீசிங் மேசையில் போனை எடுத்தால் யாரோ அழைப்பார்கள். இதை எடுத்து வைத்து "றன்னிங்" மின்னும்வரை பேசாமல் இருந்தால் எதிரே இருப்பவர் தானாகவே வேறொரு தாளை எடுப்பார். நான் மேசைக்கு அந்தப் பக்கத்தில் இருந்தவன், எனக்குத் தெரியும்.

பின்பக்கத்து இலக்கத்தைப் பாருங்கள். 2731ஏ என்பது போலத் தொடங்கினால் முதல் இரண்டு இலக்கத்தோடு 60ஐக் கூட்டுங்கள்: 1987, அந்த வருடத்தின் 31ஆவது கிழமை. ஏ என்றால் அமெரிக்காவில் செய்தது. சேகரிக்கிறவர்கள் தேடுவது அதைத்தான், கொழும்புக்காரர் கேட்பதும் அதற்காக இருக்கலாம். அதே மாதிரி இன்றும் புதிதாக விற்பதால் பழைய நாணயம் போல விலை ஏறும் என்று மட்டும் எதிர்பார்க்க வேண்டாம். டொக்கியுமென்ற் செலவுக்காக விற்றால், 30 வீதத்துக்கு மேலான கடனுக்குள் போக அதைக் கண்டுபிடிக்கும் சாமானையே கட்டணமாகக் கொடுத்ததாக முடியும்.

மாமா 1990இல் வந்தபோது போர்க்காலம். எங்கள் வன்னிப் பக்கத்துக்குப் பற்றரி வரவே முடியாது, அரசு தடை செய்த சாமான்களில் அதுவும் ஒன்று. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட காலம். ஏ9 பாதை திறந்தது 2002இல். மாமா இதை அந்தக் காலத்தில் எப்படிப் பாவித்தார் என்று மாமியிடம் கேட்டுப் பாருங்கள். பழைய 12சி ஒரு தொகுதிப் பொத்தான் பற்றரியில் வருடக்கணக்காக ஓடும்.

உங்களுடையதற்கு எல்.ஆர். 44 மூன்று வேண்டும். மணிக்கூடு திருத்துகிற கடையில் கிடைக்கும். எஸ்.ஆர். 44 கிடைத்தால் அது கூட நாள் உழைக்கும். திரையின் இடது மூலையில் சின்ன நட்சத்திரம் மின்னத் தொடங்கினால் மாற்றும் நேரம். மாற்றியதும் "பி.ஆர். எரர்" என்று காட்டினால் பயப்பட வேண்டாம், நினைவில் இருந்த எண்கள் அழிந்துவிட்டன என்பதுதான் அர்த்தம், ஏதாவது ஒரு விசையை அழுத்தினால் போய்விடும். பாவிக்காமல் வைப்பதென்றால் பற்றரியைக் கழற்றி வையுங்கள். கசிந்தால் உள்ளே இருக்கும் தகட்டை அரித்துவிடும்.

கம்பனி எழுதித் தந்ததும் அந்த நான்கு எண்ணையும், உங்கள் கணக்கில் வந்த ஐயையும் எனக்கு எழுதுங்கள். நான் இங்கே என்னுடையதில் போட்டுப் பார்க்கிறேன்.