38 டெசிபல் ஏரியல் வாங்கலாமா?

கேள்வி: நாங்கள் சுங்கை சிப்புட்டுக்கு வெளியே ஒரு செம்பனைத் தோட்டத்தில், பழைய லயத்து வீட்டில் இருக்கிறோம். கூரைமேல் இருப்பது மாமனார் வைத்த ஏரியல். கேபிளும் அப்போது இழுத்ததுதான். டிகோடர் போட்ட புதிதில் படம் நன்றாக வந்தது. இப்போது சில வருடங்களாகக் கட்டம் கட்டமாக உடைகிறது. மழை பெய்தால் ‘சிக்னல் இல்லை’ என்று வந்துவிடும். மழை விட்டும் மறுநாள் மதியம் வரை சரியாகாது. மாமனாருக்குத் தமிழ்ச் செய்தி பார்க்காவிட்டால் பொழுதே போகாது. டவுனில் ஒருவர் “38 டெசிபல் டிஜிட்டல் ஏரியல், 280 வெள்ளி, மலைக்குப் பின்னாலிருந்தும் இழுக்கும்” என்கிறார். வாங்கலாமா?
– ஒரு வாசகி

பதில்: வாங்க வேண்டாம், சகோதரி. கீழே சொல்வதையெல்லாம் பார்த்து முடிக்கும்வரை அந்த 280 வெள்ளி உங்கள் கையிலேயே இருக்கட்டும். ‘மறுநாள் மதியம் வரை சரியாகாது’ என்று எழுதியிருக்கிறீர்களே, கோளாறு எங்கே என்பதை அந்த ஒரு வரியே பாதி சொல்லிவிடுகிறது.

நம் மலேசிய நாட்டு டிஜிட்டல் டிவி 470 முதல் 694 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள யூஎச்எஃப் அலைகளில் வருகிறது. அந்த அலையின் நீளம் ஏறக்குறைய அரை மீட்டர். இவ்வளவு நீளமான அலையை மழைத்துளி ஒன்றும் செய்யாது. மழைக்குப் படம் போவது செயற்கைக்கோளிலிருந்து வாங்கும் அஸ்ட்ரோ டிஷ்ஷில். அதன் அலை இரண்டரை சென்டிமீட்டர்தான், கனமழை அதை விழுங்கிவிடும். மழை விட்டதும் படம் தானாகத் திரும்பும். உங்கள் வீட்டில் வெயில் ஏறிக் காயும்வரை திரும்பவில்லை என்றால், எங்கேயோ தண்ணீர் புகுந்து உட்கார்ந்திருக்கிறது என்றுதான் அர்த்தம். அதற்குப் புது ஏரியல் மருந்தாகாது. புது ஏரியலைப் பழைய கேபிளில் மாட்டினால், அடுத்த மழைக்கு இதே கதைதான்.

முதலில் ஏரியலை இறக்கச் சொல்லுங்கள். நடுவில், கேபிள் போய்ச் சேரும் இடத்தில், ஒரு சிறிய பிளாஸ்டிக் பெட்டி இருக்கும். அதன் மூடியைக் கழற்றிப் பாருங்கள். தோட்டத்து வீடுகளில் பெரும்பாலும் உள்ளே எறும்புக்கூடு இருக்கும், திருகாணியைச் சுற்றிப் பச்சைப் பொடி பூத்திருக்கும். பிறகு அந்த முனையிலிருந்து ஒரு முழம் கேபிளை வெட்டி, மேல்தோலைக் கத்தியால் நீளவாட்டில் கீறிப் பாருங்கள். உள்ளே இருக்கும் கம்பிப் பின்னல் பளிச்சென்று இருக்க வேண்டும். கறுத்திருந்தாலோ, வெள்ளைப் பொடி உதிர்ந்தாலோ, விரலில் ஈரம் பட்டாலோ அந்தக் கேபிள் முடிந்தது. பின்னல் தண்ணீரைத் திரி போல உறிஞ்சிக் கீழே கொண்டுபோகும். முனையை மட்டும் வெட்டிவிட்டுத் திரும்ப மாட்டிப் பயனில்லை. முழுவதையும் மாற்றுங்கள்.

மாற்றும்போது ஆர்ஜி 6 என்று அச்சிட்ட கேபிளாகக் கேளுங்கள். நல்ல ஆர்ஜி 6 கேபிளே 30 மீட்டர் ஓடினால் சுமார் 5 டெசிபலைத் தின்றுவிடும்; மேலே பிடித்த சிக்னலில் மூன்றில் ஒரு பங்குதான் டிவிக்கு வந்து சேரும். மெல்லிய பழைய கேபிள் இதைவிட மோசம், நனைந்த கேபிளுக்குக் கணக்கே கிடையாது. அதனால் வீட்டைச் சுற்றி அலங்காரமாக ஓட்டாமல் குறுக்கு வழியில் கொண்டுவாருங்கள். வீட்டுக்குள் நுழையும் துளைக்குச் சற்றுக் கீழே கேபிள் ஒரு தொங்கல் விட்டு மேலேற வேண்டும். தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். மேலேயுள்ள கனெக்டரைத் தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பால் இறுக்கிச் சுற்றுங்கள். சாதாரணக் கறுப்பு டேப் நம் வெயிலில் பிசின் இளகி உரிந்துவிடும்.

சரி, அந்த 38-க்கு வருவோம். எனக்குக் கோபம் வருவதே இந்த இடத்தில்தான்.

டெசிபல் என்பது மடங்குக் கணக்கு. 3 டெசிபல் என்றால் இரண்டு மடங்கு, 10 என்றால் பத்து மடங்கு, 38 என்றால் ஆறாயிரம் மடங்குக்கும் மேல். ஏரியல் தானாக எதையும் உற்பத்தி செய்வதில்லை. அது உலோகக் கம்பி, அவ்வளவுதான். கடந்து போகும் அலை அந்தக் கம்பியில் ஒரு சின்ன மின்னோட்டத்தை எழுப்புகிறது, அதைக் கேபிள் கீழே கொண்டுவருகிறது. அப்படியானால் ஏரியலின் டெசிபல் எங்கிருந்து வருகிறது? மற்ற திசைகளை விட்டுக்கொடுத்து ஒரு திசையில் மட்டும் கூர்மையாவதிலிருந்து வருகிறது. விடியுமுன் ரப்பர் மரம் சீவப் போனவர்கள் நெற்றியில் கட்டிய விளக்கை நினைத்துப் பாருங்கள்: பல்பு ஒன்றுதான், பின்னால் உள்ள கிண்ணம் வெளிச்சத்தை முன்பக்கம் குவித்ததால்தான் மரப்பட்டை தெரிந்தது.

கூரைகளில் நாம் பார்க்கும் மீன்முள் ஏரியலுக்கு யாகி என்று பெயர். 1926-இல் ஜப்பானின் செண்டாய் நகரில் யாகி, உடா என்ற இருவர் உருவாக்கியது. அதில் ஒரே ஒரு கம்பியில்தான் கேபிள் இணைந்திருக்கும். பின்னால் சற்று நீளமான ஒன்று அலையைத் திருப்பிவிடும், முன்னால் வரிசையாக உள்ள குட்டைக் கம்பிகள் அலையை அதன்பக்கம் வழிநடத்தும். பத்துப் பன்னிரண்டு கம்பி உள்ள நல்ல யாகி 10 முதல் 12 டெசிபல் தரும். கம்பிகளை இரட்டிப்பாக்கினால் மேலும் இரண்டு மூன்று கிடைக்கும், அதற்கு மேல் கிடையாது. 60 சென்டிமீட்டர் அஸ்ட்ரோ டிஷ்ஷுக்கு 35 டெசிபல் வருகிறதே என்றால், அதன் அலை அவ்வளவு சின்னது. டிவியின் அரைமீட்டர் அலைக்கு உண்மையிலேயே 38 டெசிபல் வேண்டுமென்றால் 16 மீட்டர் அகலத்தில் ஒரு டிஷ் வைக்க வேண்டும். உங்கள் லயத்தில் இரண்டு மூன்று வீட்டை அது மூடிவிடும்.

அப்படியானால் பெட்டியில் போட்டிருக்கும் 38 எது? அதில் பெரும்பகுதி, உள்ளே ஒளித்து வைத்த பூஸ்டரின், அதாவது சிக்னலைப் பெருக்கும் மின்கருவியின் எண். ஏரியலின் எண்ணோடு இன்னொரு சாதனத்தின் எண்ணைக் கூட்டி அச்சடித்து விற்கிறார்கள். ‘டிஜிட்டல் ஏரியல்’, ‘ஃபோர்கே ஏரியல்’ என்பதும் இதே வகைதான். கம்பிக்கு டிஜிட்டல் தெரியாது. அலையின் நீளத்துக்குத் தன் நீளம் பொருந்துகிறதா என்பது ஒன்றே அதற்குக் கணக்கு.

அந்தப் பொருத்தத்தை நீங்களே அளக்கலாம். கம்பி அலைநீளத்தில் பாதி இருக்க வேண்டும். இன்றைய டிவிக்கு அது ஒரு சாணுக்குச் சற்று முன்பின். உங்கள் மாமனாரின் ஏரியலில் கம்பிகள் இந்த அளவில் இருந்தால் அது இன்றைக்கும் நல்ல ஏரியல்தான், கம்பி வளையாமல் இருந்தால் போதும். ஒவ்வொன்றும் ஒன்றரை முழத்துக்கும் மேல் நீண்டிருந்தால், 2019 அக்டோபரில் நாடு முழுவதும் நிறுத்தப்பட்ட பழைய அனலாக் ஒளிபரப்பின் விஎச்எஃப் அலைக்குச் செய்தது. அதை மட்டும் மாற்றத்தான் வேண்டும்.

திசை அடுத்தது. உங்களுக்குச் சிக்னல் ஈப்போ பக்கத்துக் கிளேடாங் மலையிலிருந்து. சுங்கை சிப்புட்டிலிருந்து அது ஏறக்குறைய தெற்கே, கொஞ்சம் மேற்கே சாய்ந்து, 25 கிலோமீட்டர் சுமார். குட்டைக் கம்பிகள் உள்ள முனை அந்தப் பக்கம் பார்க்க வேண்டும். பின்பக்கம் திருப்பி வைத்துவிட்டு வருடக்கணக்கில் சிக்னலைத் திட்டிக்கொண்டிருக்கும் வீடுகள் உண்டு. கம்பிகள் படுத்திருக்க வேண்டுமா நிமிர்ந்திருக்க வேண்டுமா என்பதும் ஒளிபரப்பும் கோபுரத்தைப் பொறுத்தது; உங்கள் வரிசையில் நல்ல படம் வரும் வீட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே வையுங்கள்.

இனி, மழையில்லாத நாளிலும் படம் உடைகிறது என்றீர்களே, அதற்கு வருகிறேன். உங்கள் வீட்டுக்குத் தெற்கே செம்பனை இருக்கிறதா என்று பாருங்கள். மறுநடவு செய்த கன்று வருடத்துக்கு அரை மீட்டர் வரை வளரும். டிகோடர் வைத்த நாளில் கூரைக்குக் கீழே இருந்த மட்டைகள் இன்று ஏரியலுக்கு நேர் எதிரே நிற்கும். டிவி அலை மழையைத் தாண்டும், ஆனால் நனைந்த மட்டைகளை அவ்வளவு சுலபமாகத் தாண்டாது. சிக்னல் வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்திருக்கும். டிஜிட்டலில் அது கண்ணுக்குத் தெரியாது. பழைய அனலாக்கில் படம் மெல்லப் புள்ளி விழும், இதில் கடைசி நாள் வரை சுத்தமாக வந்துவிட்டு ஒரேயடியாக உடையும்.

இதற்கு மருந்து உயரம். கம்பத்தின் உயரத்தை இரட்டித்தால் சிக்னல் நான்கு மடங்கு வரை கூடும், எந்தப் பூஸ்டரும் இந்தச் சுத்தத்தில் கொடுக்காது. தகரக்கூரையை ஒட்டி வைக்காமல் குறைந்தது ஒரு மீட்டர் மேலே தூக்குங்கள், மட்டைகளுக்கு மேலே போனால் இன்னும் நல்லது. அலுமினிய ஏணியையும் கம்பத்தையும் மின்கம்பிப் பக்கம் கொண்டுபோகவே கூடாது. கம்பத்துக்கு எர்த் போடச் சொல்லுங்கள், இடி இடிக்கும்போது கேபிளைக் கழற்றிவிடுங்கள்.

புகார் செய்தால் ‘வரைபடத்தில் உங்கள் இடம் பச்சையாக இருக்கிறது, சிக்னல் உண்டு’ என்று பதில் வரும். எத்தனை பேருக்கு இந்தப் பதில் வந்திருக்கிறது! இம்மாதிரி வரைபடங்களை 10 மீட்டர் உயரத்தில் ஏரியல் இருப்பதாக வைத்துக் கணக்குப் போடுவதுதான் உலக வழக்கம். லயத்து வீட்டுக் கூரை அதில் பாதிகூட வராது. கம்பம் நடலாமா என்று கேட்டால் தோட்ட நிர்வாகம் முகத்தைத் திருப்பும். டிகோடரைக் கையில் கொடுத்தவர்கள், அதற்கு எந்த ஏரியலை எந்த உயரத்தில் வைப்பது என்று தமிழில் ஒரு பக்கம் அச்சடித்துக் கொடுத்திருந்தால் இவ்வளவு பேர் பாசார் மாலாமில் பணத்தைக் கொட்டியிருக்க மாட்டார்கள். வயதானவர்கள் ஒரு செய்தியறிக்கை பார்ப்பதற்கு இத்தனை அலைச்சலா?

பூஸ்டரே வேண்டாமா என்று கேட்பீர்கள். ஒரு இடத்தில் வேண்டும், அதைச் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள். ஒரே உயரமான கம்பத்தில் நல்ல ஏரியல் வைத்து, அதிலிருந்து நான்கு வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நான்காகப் பிரித்தாலே 7 டெசிபல் போகும், நீளக் கேபிளில் இன்னும் ஐந்தாறு. அங்கே பூஸ்டர் வைப்பது நியாயம். ஆனால் அது கம்பத்தின் உச்சியில், ஏரியலை ஒட்டியே இருக்க வேண்டும். காரணம் இதுதான்: பூஸ்டர் சிக்னலையும் இரைச்சலையும் சேர்த்தே பெரிதாக்கும், தன் பங்குக்குக் கொஞ்சம் இரைச்சலும் சேர்க்கும். கேபிளில் தேய்ந்து வந்த சிக்னலை டிவிக்குப் பின்னால் வைத்துப் பெருக்கினால், தேய்ந்ததும் இரைச்சலும் ஒரே அளவில் பெருகும். உச்சியிலேயே பெருக்கினால் சிக்னல் தேய்வதற்கு முன்பே பலம் ஏறிவிடும். உச்சிப் பூஸ்டருக்கு மின்சாரம் கீழிருந்து அதே கேபிள் வழியாகத்தான் ஏறும். பவர் பெட்டியை வீட்டுக்குள் வைத்து, அதற்கும் பூஸ்டருக்கும் நடுவில், சிக்னலைப் பிரித்துக் கொடுக்கும் சாதாரண ஸ்பிளிட்டர் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும், வந்தால் மின்சாரம் அங்கேயே நின்றுவிடும். நீங்களும் பக்கத்து வீட்டாரும் சேர்ந்து நல்ல கம்பம் ஒன்று போடுவதானால் இந்த வழி சிக்கனமானது. ஒரே வீட்டுக்கு, பத்துப் பதினைந்து மீட்டர் கேபிளுக்கு, பூஸ்டர் வீண்.

வேனில் தோட்டத்துக்கே வந்து, ‘அரசாங்கம் அனுப்பியது, பழைய ஏரியல் இனி செல்லாது’ என்பவர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள். இந்த டிவிக்கு மாதக் கட்டணமே கிடையாது. பதிவுக் கட்டணம், புதுப்பிப்புக் கட்டணம் என்று யார் எதைக் கேட்டாலும் ஒரு காசும் கொடுக்காதீர்கள். பழைய ஏரியலை ‘நாங்களே எடுத்துப்போகிறோம்’ என்றால் விடாதீர்கள், அதைத் துடைத்து அடுத்த தோட்டத்தில் விற்பவர்கள் உண்டு.

இப்போது செய்ய வேண்டியது: கேபிளையும் கனெக்டரையும் மாற்றி, ஏரியலை உயர்த்தித் தெற்கே திருப்புங்கள். ஒருவர் கம்பத்தை மெல்லத் திருப்பட்டும், இன்னொருவர் டிகோடர் மெனுவில் சிக்னல் பக்கத்தைத் திறந்து வைத்துச் சத்தம் கொடுக்கட்டும். அங்கே இரண்டு பட்டைகள் இருக்கும், ஒன்று பலம், ஒன்று தரம். பலத்தைப் பார்க்காதீர்கள், தரத்தைப் பாருங்கள். கொஞ்சம் திருப்பிவிட்டு நான்கைந்து விநாடி காத்திருங்கள், பட்டை நகர நேரமாகும். தரம் எங்கே அதிகமாக நிற்கிறதோ அங்கே முறுக்குங்கள். ஒரு நல்ல மழைக்குப் பிறகு மறுபடி பாருங்கள். அப்போதும் தரம் விழுந்தால் புதிய யாகி வாங்கலாம்: யூஎச்எஃப், பன்னிரண்டு கம்பி, பூஸ்டர் இல்லாதது. அதற்கு 280 வெள்ளி ஆகாது.