துறைமுகச் சுவரும் நிலநடுக்கமும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: நிலம் இரண்டு பக்கமும்தானே குலுங்குகிறது? கப்பல்துறைச் சுவர் மட்டும் ஏன் எப்போதும் கடலை நோக்கியே நகர்கிறது?

பதில்: சுவருக்குப் பின்னால் மண், முன்னால் வெறும் தண்ணீர். கரைப்பக்கம் போக மண் விடாது. கடல்பக்கம் மறிக்க ஆளில்லை. ஒவ்வொரு குலுக்கலுக்கும் கொஞ்சம் முன்னே போகும், திரும்பி வராது. தண்ணீர் முட்டுக்கொடுக்கும் என்று நம்பவும் வழியில்லை. மண் கடல்பக்கம் தள்ளும் அதே நொடியில் முன்பக்க நீரழுத்தம் குறைந்துவிடுகிறது.

கேள்வி: 1995-இல் ஜப்பானின் கோபே துறைமுகத்தில் கான்கிரீட் உடைந்ததா?

பதில்: பெரும்பாலும் இல்லை, வேடிக்கையே அதுதான். அங்கிருந்தவை கெய்சன் எனப்படும் பிரம்மாண்ட கான்கிரீட் பெட்டிகள். ஜனவரி 17 அதிகாலை அவை முழுசாகவே கடல்பக்கம் நகர்ந்தன. சில இடங்களில் சுமார் 5 மீட்டர். கூடவே 1 முதல் 2 மீட்டர் அமிழ்ந்து, 4 டிகிரி அளவுக்குச் சாய்ந்தன. கடலடியின் இளகிய களிமண்ணைத் தோண்டியெடுத்து, மணல் நிரப்பி, அதன்மேல் பெட்டிகளை வைத்திருந்தார்கள். நீரில் ஊறிய மணலைக் குலுக்கினால் துகள்களுக்கு இடையே நீரழுத்தம் ஏறும், பிடிமானம் போகும். முற்றினால் மண் குழம்பாகிவிடும். அதைத்தான் திரவமாதல் என்கிறோம். கோபேயின் போர்ட் ஐலண்ட் என்ற செயற்கைத் தீவில் பின்புற நிரப்பு மண்ணுக்கு நேர்ந்தது அதுவே. தண்டவாளங்கள் விலகியதில் கிரேன்களின் கால்களும் அகன்று வளைந்தன. கூடுதல் நிலநடுக்க விசைக்கு வடிவமைத்திருந்த மாயா பகுதித் துறைகள் மட்டும் பெரிய சேதமில்லாமல் தப்பின.

கேள்வி: அப்படியானால் சுவரை இன்னும் தடிமனாகக் கட்டிவிடலாமே?

பதில்: எடை கூடினால் குலுக்கல் விசையும் கூடும். என்னைக் கேட்டால், முதல் செலவு மண்ணுக்குத்தான். மணல் தூண்களை இறக்கி நெருக்குவது, சிமென்ட் கலந்து இறுக்குவது, நீர் வெளியேற சரளைக்கல் வடிகால் போடுவது என்று வழிகள் உண்டு. சரி, எஃகுத் தகட்டுச் சுவர் தேவலையா என்றால், 1983 நிலநடுக்கத்தில் ஜப்பானின் அகிதா துறைமுகத்துக்கு நேர்ந்ததைப் பாருங்கள். மண் குழம்பிய இடத்தில் தகட்டுச் சுவர்கள் பிதுங்கின. குழம்பாத இடத்தில் அதே வகைச் சுவர் அசையாமல் நின்றது.

கேள்வி: குலுக்கலின்போது மண் சுவரைத் தள்ளும் விசையைக் கணக்கிடும் மோனோநோபே–ஒகாபே சூத்திரம் இன்னும் செல்லுமா?

பதில்: 1923 காந்தோ நிலநடுக்கத்துக்குப் பின் வந்தது. மண் உறுதியாக இருக்கும்வரை செல்லும். குழம்பிய மண்ணுக்கு அதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.