மொட்டை மாடிக்கு எந்தப் பூச்சு?

வீடு, கூரை, சுவர் பற்றிய வாசகர் கேள்விகளுக்கு நம் கட்டுமானப் பொறியாளர் பதிலளிக்கிறார்.

கேள்வி: எங்கள் வீட்டைக் கட்டிப் பதினான்கு ஆண்டுகள் ஆகின்றன. மாடி சுமார் 1,000 சதுர அடி, தட்டோடு பதித்தது. சென்ற மழையில் கூடத்தின் மூலையில் ஓதம் கண்டு, சுவரெல்லாம் உப்புப் பூத்துவிட்டது. மூன்று ஒப்பந்தக்காரர்களை அழைத்தோம். ஒருவர் வெள்ளை அக்ரிலிக் பூச்சு என்கிறார். இன்னொருவர் பாலியூரித்தேன் என்கிறார். மூன்றாமவர் தார் ஷீட்தான் என்று அடித்துச் சொல்கிறார். மூவருமே பத்தாண்டு உத்தரவாதம் தருகிறார்கள். எதைத் தேர்ந்தெடுப்பது?
– ஒரு வாசகி, மடிப்பாக்கம்

பதில்: மூவரில் ஒருவராவது மாடியில் ஒரு குடம் தண்ணீரை ஊற்றி, அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்தாரா? உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பார்க்கவில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன்.

நம் ஊர்க் கூரை படும் பாடு கொஞ்சமல்ல. அக்னி நட்சத்திரத்தில் மாடியில் வெறுங்காலை வைக்க முடியாது. 40 அடி நீளமுள்ள கான்கிரீட் தளம் 30 டிகிரி சூடேறினால் மூன்றரை மில்லிமீட்டருக்கு மேல் நீளும். குளிர்ந்தால் அதே அளவு சுருங்கும். ஓட்டு இடுக்குகளில் உள்ள சிமென்ட் இந்த இழுபறியில்தான் மயிரிழையாக வெடிக்கிறது. அதோடு ஐப்பசி வந்துவிடும். சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மி.மீ. மழை பெய்கிறது. அதில் பாதிக்கு மேல் அக்டோபருக்கும் டிசம்பருக்கும் இடையில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது கூரை மூச்சு விடக்கூட இடைவெளி கிடைக்கவில்லை. வெயிலில் வெடிக்காததும் தேங்கிய நீரில் ஊறாததுமான பூச்சுதான் நமக்கு வேண்டும். இரண்டையும் ஒருசேரத் தாங்கும் சரக்கு குறைவு, விலையும் அதிகம்.

பூச்சைப் பற்றிப் பேசுமுன் ஒரு வேலை செய்யுங்கள். சுத்தியலைத் திருப்பிப் பிடித்து, மரக் கைப்பிடியால் ஓடுகளை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போங்கள். 'டக்' என்று கெட்டியாகக் கேட்டால் ஓடு பிடித்திருக்கிறது. 'டொப்' என்று கேட்டால் அடியில் காலி. காலியான ஓட்டிலெல்லாம் சாக்பீஸால் வட்டம் போடுங்கள். முடித்துவிட்டுத் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நின்று பார்த்தால், மாடியின் நோய் முழுவதும் கண்முன் விரியும். பெரும்பாலும் மழைநீர்க் குழாயின் வாயைச் சுற்றியும் கைப்பிடிச் சுவர் ஓரத்திலும்தான் வட்டங்கள் நெருக்கமாக இருக்கும். ஓட்டுக்கு அடியில் இருப்பது செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த படுகை. அது நீரைக் குடித்து வைத்துக்கொண்டு, பக்கவாட்டில் கடத்திக்கொண்டே போகும். கூடத்து மூலையில் ஓதம் என்றால், நீர் இறங்கிய இடம் அதற்கு நேர் மேலே இருக்க வேண்டும் என்பதில்லை. எதிர்மூலைக் குழாய் வாயாகவும் இருக்கலாம்.

வட்டங்கள் மாடியில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால், மேலே எதைப் பூசினாலும் காசுக்குக் கேடு. ஓட்டையும் ஜல்லியையும் கான்கிரீட் வரை பெயர்த்துவிட்டு, விரிசல்களை அடைத்து, பாலிமர் கலந்த சிமென்ட் பூச்சை இரண்டு கை கொடுங்கள். பூச்சு கைப்பிடிச் சுவரில் ஓரடி உயரம் ஏற வேண்டும். தளமும் சுவரும் சேரும் மூலையை முன்னதாகவே கலவை வைத்து உருட்டிவிட வேண்டும். செங்கோணமாக விட்டால் முதலில் கிழிவது அங்கேதான். நன்றாகக் காய்ந்த பின் குழாய்களை அடைத்து, இரண்டு நாள் தண்ணீர் கட்டிப் பாருங்கள். கீழே கசிவு இல்லையென்றால் ஜல்லி போட்டு ஓடு பதிக்கலாம். பத்தடிக்கு ஒன்றேகால் அங்குலச் சரிவாவது இருக்கட்டும். செலவு பிடிக்கும் வழிதான். ஆனால் பூச்சு வெயில் படாமல் அடியில் ஒளிந்திருப்பதால் நெடுநாள் உழைக்கும்.

ஓடு பெரும்பாலும் கெட்டியாக இருந்தால் மேலேயே பூசலாம். காலியானவற்றை மட்டும் மாற்றி, இடுக்குகளைக் கீறி மறுபடி அடைத்துக்கொள்ளுங்கள். இனி உங்கள் மூவரிடம் வருகிறேன்.

தண்ணீர் தேங்காத மாடிக்கு அக்ரிலிக் போதும். வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பி அனுப்பும், விலையும் கைக்கு அடக்கம். ஆனால் நீர் நாள்கணக்கில் நின்றால் பல அக்ரிலிக் பூச்சுகள் ஊறி, இளகி, அப்பளம்போல் உப்பி எழும். பாலியூரித்தேன் தேங்கிய நீருக்கு அசராது. விரிசலோடு சேர்ந்து இழுபடவும் செய்யும். ஆனால் அதில் மலிவான ரகம் வெயிலில் மஞ்சளித்துப் பொடி உதிரும். அதன்மேல் வெயில் தாங்கும் மேற்பூச்சு ஒன்று உண்டா என்று கேட்டு, விலைப்பட்டியலில் எழுதி வாங்குங்கள். கேஸ் பர்னர் தீயால் சூடேற்றி ஒட்டும் தார் ஷீட், ஆள் நடமாட்டம் இல்லாத பெரிய கூரைகளுக்கு அருமையான பொருள். ஆனால் ஓட்டின் மேல் அது சரியாகப் பிடிக்காது. மே மாத வெயிலில் தார் இளகும். வடாம் காயப்போடுகிற வீட்டு மாடிக்கு அதை நான் சொல்ல மாட்டேன்.

என் தேர்வு: சரிவு நன்றாக இருந்தால் அக்ரிலிக், இடையில் கண்ணாடி நார் வலை வைத்து. சரிவு கெட்டிருந்து, அதைத் திருத்த வசதியும் இல்லையென்றால் பாலியூரித்தேன்.

பொருளின் பெயரைவிட அதன் கனம்தான் முக்கியம். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். 1,000 சதுர அடி என்பது 93 சதுர மீட்டர். 20 லிட்டர் வாளி ஒன்றை அதில் பரப்பினால் ஈரமாக இருக்கும்போதே கால் மில்லிமீட்டர்கூடத் தேறாது. காய்ந்தால் இன்னும் மெலியும். அது பெயின்ட்தானே தவிர நீர்க்காப்பு அல்ல. காய்ந்த பிறகு ஒரு மில்லிமீட்டராவது இருக்க வேண்டும். அதற்கு எத்தனை வாளி என்று மூவரையும் கேளுங்கள். முகத்தைச் சுளிப்பவரை அனுப்பிவிடுங்கள். வேலை நடக்கும் நாளில் காலி வாளிகளை எண்ணுவது உங்கள் பொறுப்பு.

உத்தரவாதப் பத்திரத்தின் பின்பக்கத்தையும் படியுங்கள். 'தேங்கும் நீருக்கும் கட்டட விரிசலுக்கும் பொருந்தாது' என்று இருந்தால், வேறு எதற்குத்தான் பொருந்தும் என்று கேளுங்கள்.

கேள்வி: எங்களுடையது தாத்தா காலத்து மெட்ராஸ் டெரஸ் வீடு. இரண்டு அறைகளில் ஒழுகுகிறது. என் மகன் மேலே தார் ஷீட் போட்டு மூடிவிடலாம் என்கிறான். கொத்தனார், மூன்று அங்குலம் கான்கிரீட் போட்டால் தீர்ந்தது என்கிறார்.
– ஒரு வாசகர், மயிலாப்பூர்

பதில்: இருவரையும் மாடிப்படியிலேயே நிறுத்துங்கள். தேக்கு உத்தரங்களின் மேல் சின்னச் செங்கற்களைச் செங்குத்தாகக் குறுக்கே அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்துத் தெளித்து, மரக்கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்கிய கூரை அது. சுண்ணாம்பு ஈரத்தை வாங்கும், வெயில் வந்ததும் வெளியே விடும். மேலே தாரைப் போட்டு மூடினால் உள்ளிருக்கும் ஈரம் போக வழியின்றி உத்தரத்தில் இறங்கும். சுவருக்குள் புதைந்திருக்கும் உத்தரத்தின் நுனி முதலில் உளுத்துப்போகும். அது உங்கள் கண்ணில் படாது. கான்கிரீட்டின் பாரமோ தனி ஆபத்து. மூன்று அங்குலக் கனத்துக்குச் சதுர அடிக்குப் பதினாறு கிலோவுக்கு மேல் ஏறும்.

முதலில் ஒரு தச்சரை அழைத்து, உத்தரங்களின் நுனியை ஆணியால் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். ஆணி இலகுவாக இறங்கினால் கூரைக்கு முன் உத்தரத்தைக் கவனிக்க வேண்டும். மரம் நன்றாக இருந்தால், வெடித்த ஓடுகளை எடுத்துவிட்டுச் சுண்ணாம்புக் கலவையாலேயே பழுது பாருங்கள். சிமென்ட் வேண்டாம். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் குறைந்துவிட்டார்கள்தான். பழைய கோயில்களில் பழுது வேலை நடக்கும் இடத்தில் விசாரியுங்கள்.

கேள்வி: அடுக்குமாடியின் மேல்தளத்தில் இருக்கிறோம். ஒழுகுவது எங்கள் வீட்டில் மட்டும் என்பதால் செலவும் எங்களுடையதே என்கிறது சங்கம்.
– திருவான்மியூர் வாசகி

பதில்: மாடியில் எல்லாருடைய துணியும் காயும்போது செலவு மட்டும் எப்படி உங்களுடையதாகும்? மொட்டை மாடி பொதுவாகப் பொதுப் பகுதிதான். பத்திரத்தில் மாடியின் உரிமை உங்கள் பெயருக்குத் தனியாக எழுதப்படவில்லை என்பதைச் சரிபார்த்துக்கொண்டு, சங்கத்துக்கு எழுத்தில் கொடுங்கள். கடல் பக்கத்துக் கட்டடம் வேறு. உப்புக் காற்றோடு கசிவும் சேர்ந்து உள்ளே இருக்கும் கம்பி துருவேறி வீங்கினால், சிமென்ட் காரையாகப் பெயர்ந்து விழும். அந்தச் செலவு பூச்சுச் செலவைப்போல் பல மடங்கு. அதையும் கடிதத்தில் சேர்த்துவிடுங்கள்.

கேள்வி: மழை தொடங்கிவிட்டது. இப்போதே பூசிவிடலாமா?
– வேளச்சேரி வாசகர்

பதில்: வேண்டாம். ஈரத் தளத்தில் பூசினால் சித்திரை வெயிலில் அடியில் உள்ள நீர் ஆவியாகிப் பூச்சைத் தூக்கிவிடும். இப்போதைக்குக் குழாய் வாயிலுள்ள சருகை அள்ளுங்கள். ஒழுகும் இடத்தில் தார்ப்பாயை விரித்து, ஓரங்களில் செங்கல் வையுங்கள். பொங்கலுக்குப் பிறகு ஒரு பாலிதீன் தாளை மாடியில் பரப்பி, நான்கு பக்கமும் டேப்பால் ஒட்டி, ஓர் இரவு விடுங்கள். காலையில் தாளின் அடியில் முத்து முத்தாக நீர் நின்றால் தளம் இன்னும் காயவில்லை. மாசி, பங்குனி வேலைக்கு நல்ல காலம். சித்திரையில் செய்தால் உச்சி வெயிலில் பூச விடாதீர்கள்.

கேள்வி: தார் ஷீட் போட்ட மாடியின் மழைநீரைத் தொட்டியில் சேர்க்கலாமா?
– அம்பத்தூர் வாசகி

பதில்: உறைகிணற்றுக்கு விடலாம். சமைக்கவும் குடிக்கவும் வேண்டாம்.