மதர்போர்டு மாற்றினால் விண்டோஸைப் புதிதாக வாங்க வேண்டுமா?

கேள்வி: மின்னலில் மதர்போர்டு போய்விட்டது. கடையில் வேறு போர்டு போட்டு விண்டோஸையும் மறுபடி ஏற்றித் தந்தார்கள். திரையின் ஓரத்தில் ‘ஆக்டிவேட் விண்டோஸ்’ என்று வந்து நிற்கிறது. மறுபடியும் காசு கொடுத்து வாங்க வேண்டுமா? அல்லது கடைக்காரர் சொல்வதுபோல் அவரே போட்டுத் தரும் ஆக்டிவேஷன் போதுமா?

பதில்:

உங்கள் முதல் கேள்விக்கு விடை, பழைய உரிமம் எந்த வகை என்பதைப் பொறுத்தது. இரண்டாவது கேள்விக்கு விடை, போதாது என்பதுதான். அந்த இரண்டாவது கேள்விக்காகவே இதை எழுத உட்கார்ந்தேன்.

உங்களுடையது ஊர்க்கடையில் அசெம்பிள் செய்த மேசைக் கணினி என்றும், அதை வைத்து ஏதோ ஒரு தொழில் நடக்கிறது என்றும் எடுத்துக்கொள்கிறேன். நான் கணினி படித்தவன் அல்லன். திருநெல்வேலியில் உரிமம் பெற்றுப் பத்திரம் எழுதுகிறவன். ஆகையால் நுட்பம் அறிந்தவர்கள் என் சொற்களில் குறை காணலாம். ஆனாலும் கீழே சொல்வது என் அலுவலகக் கணினியில் நடந்தது. கேள்விப்பட்டுச் சொல்வது அன்று.

விண்டோஸ், தான் ஏற்றப்பட்ட கணினியை அடையாளம் வைத்துக்கொள்ளும் வழக்கம் 2001-இல் எக்ஸ்பி வந்த நாளிலிருந்தே உண்டு. ரேம் கூட்டினாலோ, டிஸ்க் மாற்றினாலோ பெரும்பாலும் அது கண்டுகொள்வதில்லை. மதர்போர்டை மாற்றினால் மட்டும், இது வேறு கணினி என்று முடிவு கட்டிவிடுகிறது. கம்பெனி மடிக்கணினிகளோடு சேர்ந்தே வரும் உரிமத்தை ஓ.இ.எம். என்பார்கள். விண்டோஸ் 8 காலத்திலிருந்து அதன் 25 எழுத்துச் சாவி, போர்டில் உள்ள பயாஸ் சிப்பிலேயே (கணினியை முதலில் எழுப்பும் மென்பொருள் இருக்கும் சிப்) பதிந்து வருகிறது. எங்கள் தொழிலில் சொல்வதென்றால் அது நன்செய்யோடு சேர்ந்த வாய்க்கால் பாத்தியம். நிலம் கைமாறினால் பாத்தியமும் நிலத்தோடு போகுமே தவிர, விற்றவரின் பின்னால் வராது. போர்டு பழுதாகி, தயாரித்த கம்பெனியே அதே போர்டையோ அதற்கு ஈடான ஒன்றையோ போட்டுத் தந்தால் அந்த உரிமம் தொடரும். நாமாக வேறு போர்டு வாங்கிப் போட்டால் தொடராது. புதிதாகத்தான் வாங்க வேண்டும். தனியாகக் காசு கொடுத்து வாங்கும் ரீடெய்ல் உரிமம் அப்படி அன்று. ஒரு நேரத்தில் ஒரு கணினியில் மட்டும் என்ற நிபந்தனையோடு அதைப் புதிய போர்டுக்கு எடுத்துச் செல்லலாம்.

இனி என் கதை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் எங்கள் பக்கம் பெய்த மழையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழை அது. தாமிரபரணி கரை மீறி ஜங்ஷனையும் மீனாட்சிபுரத்தையும் மூழ்கடித்தபோது, ஆற்றங்கரைப் பக்கம் இருந்த என் அலுவலகத்துக்குள்ளும் தண்ணீர் புகுந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை, அலுவலகம் பூட்டியிருந்தது. வெள்ளம் வடிந்த பிறகு சிபியு பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினோம். மின்விசிறியின் இதழ்களுக்கு நடுவே வண்டல் மாவு போலப் படிந்து காய்ந்திருந்தது; ரேம் செருகும் பள்ளங்களில் அதே வண்டல் கோடு கோடாக நின்றது; காசு போன்ற அந்தச் சிறிய பேட்டரியைச் சுற்றிப் பச்சையாகக் களிம்பு பூத்திருந்தது. பத்திரக் கோப்புகளின் நகல் பாளையங்கோட்டை வீட்டில் வெளி டிஸ்கில் இருந்ததால் நெஞ்சு அடைக்கவில்லை. ஆனால் போர்டு, பிராசசர், ரேம், டிஸ்க் எல்லாம் புதிதாகப் போட வேண்டியதாயிற்று. பழையதில் மிஞ்சியது வெறும் பெட்டிதான்.

சர்வீஸ் கடையின் பெயர் வேண்டாம். அந்த வாரம் அவர்கள் வாசலில் என்னைப் போல எத்தனையோ பேர் நனைந்த பெட்டியோடு நின்றார்கள், அவர்களும் தூங்காமல்தான் வேலை பார்த்தார்கள். கணினியை வாங்கப் போனபோது அங்கிருந்த தம்பி, “அண்ணாச்சி, ஒரிஜினல் விண்டோஸே போட்டுட்டேன், ஆக்டிவேட்டும் ஆயிட்டு” என்றார். என் உரிமம் ரீடெய்ல் வகையைச் சேர்ந்த விண்டோஸ் 10 ப்ரோ. அதன் சாவி என்னிடம் இருந்தது, நான் யாருக்கும் கொடுக்கவில்லை. பிறகு எந்தச் சாவியில் ஆக்டிவேட் ஆனது என்று கேட்டேன். “அதெல்லாம் நம்மகிட்ட இருக்கு அண்ணாச்சி. இதுக்குப் போய் எதுக்குக் காசு குடுக்கிய?” என்று சிரித்தார்.

வீட்டுக்கு வந்து செட்டிங்ஸில் பார்த்தால், விண்டோஸ் எண்டர்பிரைஸ் என்று இருந்தது. நான் வாங்கியது ப்ரோ. கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து எஸ், எல், எம், ஜி, ஆர் ஆகிய ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து அடித்து, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடு போட்டு, டி, எல், ஐ என்று அடித்தேன். (நீங்களும் இப்போதே இதைச் செய்து பாருங்கள்.) ஒரு சிறு பெட்டி திறந்து உரிமத்தின் வகையைச் சொல்லும். ரீடெய்ல் என்றோ ஓ.இ.எம். என்றோ இருந்தால் சரி. எனக்கு வந்தது வால்யூம் கே.எம்.எஸ். கிளையண்ட் என்றும், 180 நாளில் காலாவதியாகும் என்றும்.

பெரிய நிறுவனங்களுக்கான ஏற்பாடு அது. நூற்றுக்கணக்கான கணினிகள் வைத்திருக்கும் இடத்தில், அவர்களுடைய சர்வர் ஒன்றே அத்தனைக்கும் சான்று கொடுக்கும். ஒவ்வொரு கணினியும் 180 நாளுக்குள் அந்தச் சர்வரிடம் திரும்பப் போய்ப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். அப்படி ஒரு சர்வர் என் கணினிக்கு எங்கே இருக்கிறது? அதனால் கடையில் போடுவது போலிச் சர்வராக நடிக்கும் ஒரு சிறு மென்பொருள். அது வேலை செய்ய, முதலில் வைரஸ் தடுப்பை அணைக்க வேண்டும் அல்லது அதன் கண்ணில் படாதபடி விலக்கு வைக்க வேண்டும். அதை எழுதியவர் யார், அதற்குள் இன்னும் என்ன இருக்கிறது என்பது போட்டுத் தரும் தம்பிக்கும் தெரியாது. என் கணினியில் வாங்குவோர் விற்போருடைய ஆதார் எண், பான் எண், கைபேசி எண், சொத்து விவரம் எல்லாம் இருக்கின்றன. பதிவுத்துறை 2018-இல் ஸ்டார் 2.0 என்ற இணையவழிப் பத்திரப் பதிவு முறையைக் கொண்டுவந்த பிறகு அத்தனையையும் இணையத்தில்தான் உள்ளிடுகிறோம். யாரோ செய்த பூட்டுத் திறப்பானை அதில் குடிவைத்துவிட்டு, கட்சிக்காரர்களிடம் நான் எந்த முகத்தோடு அடையாளச் சான்று வாங்குவது?

ஆகவே எல்லாவற்றையும் அழித்துவிட்டு நானே முதலிலிருந்து ஏற்றினேன். 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றில், வேறொரு கணினி வழியாக, மைக்ரோசாஃப்ட் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் மீடியா கிரியேஷன் டூலைக் கொண்டு விண்டோஸ் 11-ஐ இறக்கிக்கொண்டேன். விண்டோஸ் 10 ப்ரோ உரிமம் 11 ப்ரோவுக்கும், ஹோம் உரிமம் 11 ஹோமுக்கும் செல்லும். விண்டோஸ் 11 கேட்கும் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி புதிய போர்டில் இருந்ததால் தடையில்லை. ஏற்றும்போது சாவி கேட்கும் இடத்தில், ‘என்னிடம் சாவி இல்லை’ என்ற தெரிவைச் சொடுக்கினால் போதும். அதற்கு அடுத்த திரைதான் முக்கியம். ஹோம், ப்ரோ என்று பதிப்பு கேட்கும். நீங்கள் வாங்கியது எதுவோ அதையே தெரிவு செய்ய வேண்டும். ஹோம் உரிமம் உள்ளவருக்குக் கடையில் ப்ரோ ஏற்றிக் கொடுத்துவிட்டு, ‘ஆக்டிவேட் ஆகவில்லை, உங்கள் சாவி செத்துவிட்டது’ என்று சொல்வது எங்கள் ஊரில் சர்வ சாதாரணம். உங்களுடையதிலும் முதலில் இதைச் சரிபாருங்கள்.

ஏற்றி முடித்ததும் இணையம் வரவில்லை; புதிய போர்டின் நெட்வொர்க் சிப்பை இயக்கும் மென்பொருளான டிரைவர் இல்லை. இணையம் இல்லாமல் டிரைவரை இறக்க முடியாது, ஆக்டிவேஷனும் நடக்காது. ஆண்ட்ராய்டு கைபேசியை யுஎஸ்பி கம்பியில் இணைத்து டெதரிங்கை (கைபேசியின் இணையத்தைக் கணினிக்குப் பகிரும் வசதி) முடுக்கினால் பெரும்பாலும் டிரைவர் எதுவும் இல்லாமலே இணையம் வந்துவிடும். எனக்கு வந்தது. பிறகு எதிர்பார்த்தபடியே, வன்பொருள் மாறியிருக்கிறது என்ற செய்தியும், எஃப்211 என்று முடியும் ஒரு பிழை எண்ணும் தோன்றின.

இந்த இடத்தில்தான் பலர் மனம் தளர்ந்து கடைக்காரரிடம் திரும்பிப் போகிறார்கள். போக வேண்டாம். செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் ஆக்டிவேஷன், அதில் ட்ரபிள்ஷூட் என்று போனால், ‘அண்மையில் இக்கணினியின் வன்பொருளை மாற்றினேன்’ என்னும் பொருள்படும் ஓர் ஆங்கில வரி இருக்கும். அதைச் சொடுக்கி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், அந்தக் கணக்கோடு இணைந்த கணினிகளின் பட்டியல் வரும். வெள்ளத்தில் போன கணினி அதில் தன் பழைய பெயரோடு இருந்தது. அதைத் தேர்ந்து, இப்போது பயன்படுத்தும் கணினி இதுவே என்ற கட்டத்தில் குறியிட்டு, ஆக்டிவேட் என்றேன். ஆகிவிட்டது.

இது நடந்ததற்குக் காரணம், உரிமம் ஏற்கெனவே என் கணக்கோடு இணைந்திருந்ததுதான். 2016 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் 10 புதுப்பிப்பிலிருந்து இந்த வசதி இருக்கிறது. பழைய போர்டு உயிரோடு இருக்கும்போதே, கணக்கில் நுழைந்து, ஆக்டிவேஷன் பக்கத்தில் ‘உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைக்கப்பட்ட டிஜிட்டல் உரிமம்’ என்ற பொருளில் ஒரு வரி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். உங்கள் போர்டு போய்விட்டது. ஆனாலும் பழைய கணினியில் அந்தக் கணக்கில் நுழைந்திருந்தால் பட்டியலில் அது இருக்க வாய்ப்புண்டு. இல்லையென்றால், ரீடெய்ல் சாவியை உள்ளிடுங்கள். அதையும் ஏற்க மறுத்தால் மைக்ரோசாஃப்ட் உதவிப் பிரிவிடம், போர்டு பழுதாகி மாற்றியதைச் சொல்லிக் கேளுங்கள். வாங்கிய ரசீது கையில் இருக்க வேண்டும்.

ரசீது என்றதும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எங்கள் பக்கத்துக் கடைகளில், “பில் வேணுமா அண்ணாச்சி? போட்டா ஜிஎஸ்டி சேரும்” என்று கேட்காதவர் குறைவு. பாதி விலைக்குக் குறைவாக இணையத்தில் விற்கும் சாவிகளுக்கும் ஒழுங்கான ரசீது வருவதில்லை. அவற்றில் பல ஏதோ ஒரு நிறுவனத்தின் வால்யூம் சாவிகளாக இருக்கும். மைக்ரோசாஃப்ட் என்றைக்கு அதை முடக்கினாலும் அன்றோடு சரி. மூலப் பத்திரம் இல்லாத சொத்தை வாங்கத் தயங்குகிற அதே ஆள், ரசீதில்லாச் சாவியை மட்டும் யோசிக்காமல் வாங்குவது ஏன் என்று எனக்கு விளங்கவே இல்லை.

லினக்ஸ் போட்டால் இந்தத் தொல்லையே இல்லையே என்று சிலர் எழுதுவீர்கள். உண்மைதான், மறுக்கவில்லை. என் பத்திர மாதிரிகள் அத்தனையும் வேர்டில் இருக்கின்றன. பக்கத்துக்கு இத்தனை வரி என்று முத்திரைத்தாளுக்கு அளந்து வைத்தவை, வேறு மென்பொருளில் திறந்தால் வரி நகர்ந்துவிடுகின்றன. ஆகையால் எனக்கு ஒத்துவராது. நான் மைக்ரோசாஃப்டுக்கு விளம்பரம் செய்கிறேன் என்று நினைப்பவர்களுக்கு, அவர்களுடைய விலை என் போன்றவர்களுக்கு அதிகம் என்பதே என் கருத்து என்று சொல்லிக்கொள்கிறேன்.

உங்கள் பழைய டிஸ்கையே புதிய போர்டில் மாட்டியிருந்தால், இன்னும் ஒரு எச்சரிக்கை. அது பிட்லாக்கரில் (விண்டோஸிலேயே உள்ள, டிஸ்கைப் பூட்டிவைக்கும் வசதி) பூட்டியிருந்தால், போர்டு மாறியவுடன் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். பெரும்பாலும் அது மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். அதைத் தேடி எடுக்கும் முன் யாரையும் ஃபார்மேட் செய்ய விடாதீர்கள். உரிமத்தைக் காசு கொடுத்து வாங்கிவிடலாம், கோப்புகளை அப்படி வாங்க முடியாது.

நீங்களும் யுனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்புகள் வைத்திருந்தால், விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் ஃபாண்ட்ஸ் கோப்புறையையும் சேர்த்துப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு ஆக்டிவேஷன் முடிந்த அன்று, 2009-இல் எழுதிய ஒரு கிரயப் பத்திரத்தைத் திறந்தபோது, சொத்து விவரம் முழுவதும் பொருளில்லாத ஆங்கில எழுத்துகளாக வந்தது. வெளி டிஸ்கில் இருந்த எழுத்துருவை நிறுவிய பிறகே நான்கு எல்லைகளையும் படிக்க முடிந்தது.